தேரி ஓணானும் தீவுப் பல்லியும்: மரபணுவைக் கொண்டு துணையினம் பிரிக்கப் பழகுவோருக்கு

செம்மணல் மேடான குதிரைமொழித் தேரியின் ஓரத்தில் ஒரு பங்குனி வெயிலில் நின்றிருந்தபோது, பனையேறும் அண்ணாச்சி ஒருவர் என்னிடம் சொன்னார்: "இங்க உள்ளது செவந்து கெடக்கும் தம்பி. உவரிக் கடக்கரையில உள்ளது வெளுத்துப் போய்க் கெடக்கும். ரெண்டும் வேற வேற வகையறா, பாத்துக்கிடுங்க."

அவர் காட்டியது விசிறித்தொண்டை ஓணானை. பின்னங்காலில் நான்கே விரல். ஓட்டம் பிடித்தால் இரண்டு காலில் எழுந்து ஓடும். ஆண், மணல்மேட்டில் ஏறி நின்று தாடைக்குக் கீழே இருக்கும் தோலை விசிறி போல விரிக்கும், மடக்கும், மறுபடி விரிக்கும். அண்ணாச்சி சொன்ன நிற வேறுபாடு என் கண்ணுக்கும் தெரிந்தது. ஆனால் அது வம்சத்தில் வந்த வேறுபாடா, செம்மணலும் வெண்மணலும் செய்த வேலையா? துணையினம் (ஒரே இனத்துக்குள் ஓரிடத்தில் தனித்து வேறுபட்டு நிற்கும் கூட்டம்) பிரிக்கும் படிப்பு முழுவதும் இந்தக் கேள்விக்குள் அடங்கிவிடும். விலங்கியல் படிக்கும் மாணவர்களும், படிப்பை முடித்துவிட்டு ஆர்வத்தில் ஓணான் பார்த்துத் திரிபவர்களும் இதில் இறங்குவதற்கான வழியை, நான் பழகிய வரிசையில் எழுதுகிறேன்.

பெயரில் உள்ள மூன்று சொற்கள்

இனத்தின் அறிவியல் பெயர் இரண்டு சொல். துணையினத்தின் பெயர் மூன்று சொல். ஸ்பெயினுக்குக் கிழக்கே பலேயாரிக் தீவுகளில் வாழும் சுவர்ப்பல்லி ஒன்றுக்கு பொடார்சிஸ் லில்ஃபோர்டி என்று பெயர். மெனோர்கா தீவுக்குப் பக்கத்தில் ஐரே என்றொரு குட்டித்தீவு. அங்கே உள்ள கரிய பல்லியைப் பார்த்துத்தான் 1874இல் விலங்கியலார் குந்தர் இந்த இனத்துக்குப் பெயர் சூட்டினார். அதனால் அந்தத் தீவில் உள்ளது பொடார்சிஸ் லில்ஃபோர்டி லில்ஃபோர்டி. மற்றத் தீவுகளில் உள்ளவற்றுக்கு மூன்றாவது சொல் மட்டும் மாறும். இப்படி இந்த ஒரு பல்லிக்கே இருபதுக்கு மேற்பட்ட துணையினப் பெயர்கள் வந்துவிட்டன. மயோர்கா, மெனோர்கா என்ற பெருந்தீவுகளில் அது அழிந்துபோய், சுற்றியுள்ள சின்னத் தீவுகளிலும் கப்ரேராவிலும் மட்டுமே பிழைத்திருக்கிறது. தீவுக்குத் தீவு நிறம் வேறு, உடல் பருமன் வேறு. எனவே தீவுக்கு ஒரு பெயர் வைத்துக்கொண்டே போனார்கள்.

பிறகு மரபணுவைப் படித்தபோது, பெயர் வைத்த எல்லைகளும் மரபணு காட்டிய எல்லைகளும் பல இடங்களில் ஒத்துவரவில்லை. கறுப்பு நிறம் வெவ்வேறு தீவுக்கூட்டங்களில் தனித்தனியாகத் தோன்றியிருந்தது. நிறத்தை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் எனக்குத் தெரியாது.

நம் பக்கத்தில் நடந்ததோ இதற்கு நேர்மாறு. பிரெஞ்சு விலங்கியலார் குவியே 1829இல் பாண்டிச்சேரியின் பெயரால் சிட்டானா பாண்டிசெரியானா என்று ஓர் ஓணானை விவரித்தார். அதன்பின் வெகுகாலம் நாட்டின் பல பகுதிகளில் உள்ள விசிறித்தொண்டை ஓணான்களையும் அந்த ஒரு பெயருக்குள்ளேயே அடைத்து வைத்திருந்தார்கள். மரபணுவையும் உடலமைப்பையும் சேர்த்துப் பார்த்தபின் 2016இல் அந்த மூட்டை அவிழ்ந்தது. அப்போது தென் தமிழ்நாட்டிலிருந்து விவரிக்கப்பட்ட இனம் ஒன்றின் பெயர் சிட்டானா மருதம்நெய்தல். வயலும் கடற்கரையுமான நம் இரண்டு திணைகள் ஓர் ஓணானின் அறிவியல் பெயராக நிற்கின்றன. இன்னொன்று சிட்டானா விசிறி, நம் ஓலை விசிறிதான். இவை துணையினங்கள் அல்ல, முழு இனங்கள். ஒரே பெயருக்குள் பல வம்சங்கள் ஒளிந்திருக்கலாம், பல பெயர்களுக்குள் ஒரே வம்சமும் இருக்கலாம். இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டு தொடங்குங்கள்.

முதலில் உங்கள் தீவு எது என்று முடிவு செய்யுங்கள்

சுற்றிலும் கடல் இருந்தால்தான் தீவு என்பதில்லை. பாறையில் வாழும் ஓணானுக்கு, வயல்வெளி நடுவே நிற்கும் ஒவ்வொரு பொத்தையும் (சிறு பாறைக்குன்றும்) தீவு. செம்மணலில் வாழ்வதற்குத் தேரி தீவு. மஞ்சோலைக்கு மேலே குளிர்ந்த காட்டில் மட்டும் வாழும் சின்னப் பகல்பல்லிக்கு அகத்தியமலைத் தொடரே ஒரு தீவு, செங்கோட்டைக் கணவாய்தான் அதன் வடக்குக் கடல். பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே நீலகிரியில் சாலியா ஹார்ஸ்ஃபீல்டி, தெற்கே ஆனைமலையிலும் பழனிமலையிலும் சாலியா அனமல்லயானா என்று ஒரே பேரினம் இரண்டு இனங்களாகப் பிரிந்து நிற்பது இந்த வகைத் தீவுகளால்தான்.

உண்மையான தீவும் நமக்குத் தொலைவில் இல்லை. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் வான் தீவு, காசுவாரி, காரைச்சல்லி எல்லாம் தூத்துக்குடிக் கூட்டத்தைச் சேர்ந்தவை.

எந்தத் தீவுக்கூட்டத்தை எடுத்தாலும் நோட்டில் முதல் வரியாக ஒரு கேள்வி எழுதுங்கள். "இந்த இரண்டு இடத்து ஓணான்களும் எவ்வளவு காலமாகக் கலக்காமல் இருக்கின்றன?" என்பது நல்ல கேள்வி. "இது புதுத் துணையினமா?" என்று தொடங்கினால் மனம் பெயரின் மேல் போய்விடும். கண்ணும் அதையே தேடும்.

வெளியே போகும் முன் ஒரு மாதம் மடிக்கணினியில்

பிறர் படித்து வெளியிட்ட மரபணு வரிசைகள் அமெரிக்காவின் என்.சி.பி.ஐ. தளத்தில் ஜென்பேங்க் என்ற கிடங்கில் இலவசமாகக் கிடக்கின்றன. மேலே சொன்ன லில்ஃபோர்டி பல்லியின் பெயரையும் சைட்டோகுரோம் பி என்ற மரபணுவின் பெயரையும் ஆங்கில எழுத்தில் தட்டித் தேடுங்கள். வெவ்வேறு தீவுகளிலிருந்து இருபது வரிசைகள், இபிசா தீவில் வாழும் அதன் உறவான பொடார்சிஸ் பிட்யூசென்சிஸிலிருந்து ஐந்து வரிசைகள் போதும். ஒவ்வொரு பதிவிலும் எந்தத் தீவு என்ற குறிப்பைத் தேடி, ஒரு தாளில் கையால் எழுதிக்கொள்ளுங்கள். பின்னால், எது எதற்கு நெருங்கிய உறவு என்று காட்டும் மரவரைபடம் வந்ததும் அந்தத் தாள் உதவும்.

பிறகு மெகா என்ற இலவச மென்பொருளில் வரிசைகளைத் திறந்து, மசுல் முறையில் ஒன்றின்கீழ் ஒன்றாக நேர்ப்படுத்துங்கள். ஏ, டி, ஜி, சி என்ற நான்கு எழுத்துகள் வண்ண வண்ணமாகப் பத்தி பத்தியாக நிற்கும். பெரும்பாலான பத்திகள் மேலிருந்து கீழ்வரை ஒரே நிறம். எங்கோ ஒரு பத்தியில் மட்டும் ஏழு பல்லிகளுக்கு ஜி, மற்றதற்கெல்லாம் ஏ. அந்த ஏழும் எந்தத் தீவு என்று உங்கள் தாளைப் பாருங்கள். முதன்முறை அப்படிப் பார்த்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

இங்கே புதியவர்கள் அடிக்கடி சறுக்கும் இடம் ஒன்று உண்டு. மூன்று மூன்று எழுத்தாகப் படித்துப் புரதமாக மாற்றிப் பார்க்கச் சொல்லும்போது, எந்த மரபுக்குறியீட்டு அட்டவணை என்று மென்பொருள் கேட்கும். "ஸ்டாண்டர்ட்" என்பதை அப்படியே விட்டுவிட்டால் வரிசை நடுவே நிறுத்தக் குறிகள் முளைக்கும். டி-ஜி-ஏ என்பது பொது அட்டவணையில் நிறுத்தக் குறி, முதுகெலும்பிகளின் மைட்டோகாண்டிரியாவிலோ (செல்லுக்குள் தனக்கென டி.என்.ஏ. வைத்திருக்கும் சிறு உறுப்பு, சைட்டோகுரோம் பி அதில்தான் உள்ளது) அது டிரிப்டோபன் என்ற அமினோ அமிலம். "வெர்டிபிரேட் மைட்டோகாண்ட்ரியல்" என்பதைத் தேர்ந்தெடுங்கள். அதற்குப் பிறகும் நடுவில் நிறுத்தக் குறி நின்றால் சந்தேகப்படுங்கள். எழுத்தைத் தவறாகப் படித்திருக்கலாம். அல்லது மைட்டோகாண்டிரியா மரபணுவின் பழைய நகல் ஒன்று உட்கருவில் போய் ஒட்டிக்கிடந்து, உங்கள் கையில் அது சிக்கியிருக்கலாம். அதை நம்பி வரைந்த மரம் முழுதும் பொய்யாகிவிடும்.

அனுமதி, பிறகு மாதிரி

காட்டுயிரைத் தொடும் எந்த வேலையும் 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வரும். வனத்துறையின் எழுத்து அனுமதி கையில் வரும்வரை வலையையோ சுருக்கையோ எடுக்காதீர்கள். களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம், மன்னார் வளைகுடாத் தீவுகளோ தேசியப் பூங்கா. இரண்டிலும் கால் வைப்பதற்கே அனுமதி வேண்டும். மாதிரியை வெளிநாட்டுக்கு அனுப்புவதென்றால், சென்னையில் தலைமையகம் உள்ள தேசிய பல்லுயிர் ஆணையத்தையும் கேட்க வேண்டும். உங்கள் கல்லூரிப் பேராசிரியர் பெயரில் விண்ணப்பம் போகட்டும். மாதக்கணக்கில் ஆகும், பொறுத்திருங்கள்.

மரபணுவுக்காக ஓணானைக் கொல்ல வேண்டியதில்லை. வாலின் நுனியில் ஒரு சிறு துண்டு, அல்லது வாயின் உட்புறத்தைப் பஞ்சுக்குச்சியால் மெல்லத் தடவி எடுத்தது போதும். துண்டை 95 விழுக்காடு எத்தனாலில் போட்டு மூடுங்கள். பிடித்த இடத்திலேயே விடுங்கள், பத்தடி தள்ளிக்கூட விடாதீர்கள். அதற்கென்று ஓர் எல்லை, ஒரு புதர், ஒரு நிழல் உண்டு.

என் முதல் சுற்றில் 24 குப்பிகளில் ஸ்கெட்ச் பேனாவால் எண் எழுதினேன். திசையன்விளையிலிருந்து வரும் பேருந்தில் ஒரு குப்பி கசிந்தது. நெல்லை ஜங்ஷனில் இறங்கிப் பையைத் திறந்தபோது எல்லாக் குப்பியிலும் நீலக்கறைதான் இருந்தது, எண் ஒன்றும் இல்லை. எத்தனால் மையைக் கரைக்கும். 24 ஓணான்களைத் தொந்தரவு செய்ததற்கு ஒரு பலனும் இல்லாமல் போன வருத்தம் இன்றும் உண்டு. இப்போது சிறு தாள்துண்டில் பென்சிலால் எழுதிக் குப்பிக்குள்ளேயே போடுகிறேன். பென்சில் கரையாது.

எத்தனை மாதிரி? ஓர் இடத்துக்குப் பத்தாவது வேண்டும் என்பேன். அதைவிட முக்கியம் எங்கெங்கே எடுக்கிறோம் என்பது. தூத்துக்குடியில் பத்து, கன்னியாகுமரியில் பத்து எடுத்தால் இரண்டும் பெரும்பாலும் வேறுபட்டுத்தான் தெரியும். நடுவில் திருச்செந்தூர், மணப்பாடு, பெரியதாழை, உவரி, கூடங்குளம் என்று எடுத்துக்கொண்டே போனால், வேறுபாடு படிப்படியாக மாறுகிறதா, ஓர் இடத்தில் பட்டென்று உடைகிறதா என்பது தெரியும். நெல்லைப் பேச்சு நாகர்கோவில் பேச்சாக எந்த ஊரில் மாறுகிறது என்று யாராலும் கோடு போட முடியாது. ஊருக்கு ஊர் கொஞ்சம் கொஞ்சமாக மாறும். ஓணான்களும் அப்படி மாறினால் அங்கே துணையினம் இல்லை, தொலைவு மட்டுமே இருக்கிறது. புன்னைக்காயலில் தாமிரபரணி கடலில் சேரும் இடத்தின் இரு கரையிலும் பட்டென்று உடைந்தால் அது வேறு கதை.

இதைப் புரிந்துகொண்ட பிறகுதான் அந்தப் பனையேறும் அண்ணாச்சியிடம் திரும்பப் போய்க் கேட்டேன், "அண்ணாச்சி, நடுவுல இடையன்குடிப் பக்கம் உள்ளது எப்படி இருக்கும்?" அவர் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "அது செவப்புமில்ல, வெள்ளையுமில்ல. ரெண்டுங்கெட்டானா இருக்கும்."

ஆய்வகம்

திசுவிலிருந்து டி.என்.ஏ. பிரிப்பது, பி.சி.ஆர். கருவியில் நகலெடுப்பது, வரிசை படிக்க அனுப்புவது இவற்றை எழுத்தில் படித்துக் கற்க முடியாது. தெரிந்தவர் பக்கத்தில் ஒரு வாரம் நில்லுங்கள், கை பழகிவிடும். ஓணான்களுக்கு என்.டி.2, 16எஸ், சைட்டோகுரோம் பி ஆகிய மைட்டோகாண்டிரியா மரபணுக்களில் ஒன்றோடு தொடங்குவது வழக்கம். திரும்பி வரும் அலைக்கோட்டுப் படத்தை நீங்களே கண்ணால் பாருங்கள். ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு தெளிவான முகடு இருக்க வேண்டும். இரண்டு நிற முகடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும் இடத்தில் எழுத்தைக் கற்பனை செய்து நிரப்பாதீர்கள்.

எண்ணிக்கைதான் இதன் இதயம்

என்.டி.2 மரபணு ஏறத்தாழ ஆயிரம் எழுத்து நீளம். பிரிந்துபோன இரண்டு பல்லி வம்சங்களுக்கு இடையே பத்து லட்சம் ஆண்டுக்குச் சுமார் 1.3 விழுக்காடு வேறுபாடு சேரும் என்ற கணக்கைப் பலரும் பயன்படுத்துகிறார்கள். ஆயிரம் எழுத்தில் 13.

இப்போது இரண்டு தீவுகளை ஒப்பிடுங்கள். லில்ஃபோர்டியும் பிட்யூசென்சிஸும் பிரிந்தது, வற்றிக்கிடந்த மத்தியதரைக் கடல் மறுபடி நிரம்பிய காலத்தில் என்று கருதுகிறார்கள். அது 53 லட்சம் ஆண்டுகளுக்கு முன். நம் கணக்குப்படி ஆயிரத்தில் 69 எழுத்து வேறுபட வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாலும் தெரியும் வேறுபாடு.

வான் தீவை எடுங்கள். சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், கடைசிப் பனியுகத்தின் உச்சத்தில் கடல்மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட ஏறத்தாழ 120 மீட்டர் கீழே இருந்தது. மன்னார் வளைகுடாவின் ஆழமற்ற பகுதி முழுவதும் தரை. இலங்கைக்கே நடந்து போகலாம். கடல் ஏறித் தீவு பிரிந்து, தாராளமாகவே வைத்துக்கொள்வோம், பத்தாயிரம் ஆண்டு. அப்படியானால் ஆயிரம் எழுத்தில் 0.13 வேறுபாடு. அதாவது ஒரு எழுத்துகூட இல்லை. இவ்வளவு இளைய தீவில் ஓணானின் நிறமும் அளவும் மாறியிருந்தாலும், இந்த ஒரு மரபணு அதைப் பற்றி வாயே திறக்காது. களத்துக்குப் போகுமுன் இந்தக் கணக்கை ஒரு தாளில் போட்டால் இரண்டு வருட உழைப்பு மிச்சமாகும்.

அப்படியென்றால் இளைய தீவுகளில் மரபணு வேறுபாடே இருக்காதா? இருக்கும், வேறு வழியில். கலந்து கிடக்கும் பயறு மூட்டையிலிருந்து ஒரு கைப்பிடி அள்ளினால், மூட்டையில் உள்ள எல்லா வகையும் கைக்கு வராது. தீவில் மாட்டிக்கொண்ட சில ஓணான்களிடம் பழைய கூட்டத்தின் மரபணு வடிவங்களில் சில மட்டும் மிஞ்சும். புதிதாக ஒன்றும் தோன்றாமலே வேறுபட்டதுபோல் தெரியும். இதைப் பார்க்க மரவரைபடத்தைவிட வலைவரைபடம் நல்லது. பாப்ஆர்ட் என்ற மென்பொருள் போட்டுத்தரும். ஒவ்வொரு வடிவமும் ஒரு வட்டம், எத்தனை ஓணானிடம் இருக்கிறதோ அந்த அளவு பெரியது. தீவுகள் பழையவை என்றால் மரம் வரையுங்கள், இளையவை என்றால் வலை பின்னுங்கள்.

இரண்டாவது சாட்சி

நம் முதல் சாட்சியான மைட்டோகாண்டிரியா தாய்வழியில் மட்டும் வரும். ஒரு குடும்ப வரலாற்றில் அம்மா, அம்மாவின் அம்மா, அவருடைய அம்மா என்று மட்டுமே எழுதி வைத்தால் மற்ற எல்லா உறவும் விடுபட்டுப்போகும். ஆண் ஓணான்கள் இடம்விட்டு இடம் போய்க் கலந்திருந்தாலும் அந்தப் பதிவில் அது வராது. எனவே உட்கரு மரபணுவும் வேண்டும். ஒன்றிரண்டு உட்கரு மரபணுக்கள் மெதுவாக மாறுபவை, துணையின அளவில் பயன் குறைவு. மரபணுத்தொகை முழுவதிலும் இருந்து ஆயிரக்கணக்கான ஒற்றையெழுத்து வேறுபாடுகளை எடுக்கும் முறைதான் இப்போது வழக்கம். செலவு அதிகம். மைட்டோகாண்டிரியா முடிவு உறுதியாக ஏதாவது சொல்கிறது என்றால் மட்டும் அந்தச் செலவுக்குப் போங்கள்.

மூன்றாவது சாட்சி உடல். செதில் எண்ணிக்கை, கால் நீளம், விசிறி வயிற்றில் எதுவரை நீள்கிறது என்பவற்றை அளந்து எழுதுங்கள். நிறத்தையும் எழுதுங்கள், ஆனால் கடைசியில் வையுங்கள். மகாராஷ்டிரத்தின் சாத்தாரா மாவட்டத்தில் காற்றாலைகள் நிறைந்த மேட்டுநிலம் ஒன்றில் நடந்த ஆய்வு 2018இல் வெளிவந்தது. காற்றாலைகளால் வேட்டைப் பறவைகள் குறைந்து, அங்கே விசிறித்தொண்டை ஓணான்கள் பெருகியிருந்தன, விசிறியின் நிறமோ மங்கியிருந்தது. பணகுடியிலிருந்து ஆரல்வாய்மொழி வரை காற்றாலைகளைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாம். மனிதரின் ஒரு தலைமுறைக் காலத்துக்குள் நிறம் இப்படி மாறலாம் என்றால், நிறத்தை வைத்துத் துணையினத்துக்கு எல்லை போட முடியுமா?

தீர்ப்பு

சாட்சிகள் மூன்றும் ஒரே எல்லையைக் காட்டினால் தயங்காமல் பெயர் முன்மொழியுங்கள். கலாப்பகோஸ் கடல் உடும்புகளை 2017இல் இப்படித்தான் மரபணு, உடலமைப்பு இரண்டையும் சேர்த்து மறுபடி வகைப்படுத்தி 11 துணையினங்கள் என்றார்கள். அவற்றில் ஐந்து புதியவை. சான் கிறிஸ்டோபல் என்ற ஒரே தீவில் மெர்டென்சி, காட்சில்லா என்று இரண்டு துணையினங்கள். தீவுக்கு ஒரு துணையினம் என்ற பழைய பழக்கம் அங்கே செல்லுபடியாகவில்லை.

மரபணு பிரித்துக் காட்டி, உடலில் ஒன்றும் தெரியவில்லை என்றால் பெயர் வைக்க அவசரப்படாதீர்கள். ஆனால் அந்தக் கூட்டத்தைத் தனியாகப் பாதுகாக்க வேண்டும் என்று அழுத்தமாக எழுதுங்கள். இபிசாவுக்கு அலங்கார ஒலிவ மரங்களோடு வந்து இறங்கிய பாம்புகள் அங்குள்ள பல்லிகளைத் தின்று தீர்த்துவருகின்றன. எந்தக் குட்டித்தீவின் கூட்டத்தை முதலில் காப்பாற்றுவது என்ற கேள்வி வரும்போது, பெயரைவிட அந்த மரபணு விவரம்தான் பயன்படும்.

உடல் வேறுபட்டு மரபணு வேறுபடவில்லை என்றால், மேலே போட்ட கணக்கைத் திரும்பப் பாருங்கள். தீவு இளையதா? அப்படியானால் "இந்த மரபணுவால் சொல்ல முடியாது" என்பதே சரியான முடிவு, "வேறுபாடு இல்லை" என்பது அல்ல. இந்த இரண்டு வாக்கியங்களையும் குழப்பி எழுதிய அறிக்கைகளை நான் நிறையத் திருத்தியிருக்கிறேன்.

முடிவு எதுவானாலும் வரிசைகளை ஜென்பேங்கில் ஏற்றுங்கள். பிடித்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை, தேதி, நின்ற மணல் சிவப்பா வெள்ளையா, பக்கத்தில் பனையா உடைமரமா என்பதுவரை குறிப்பில் சேருங்கள். அனுமதியோடு எடுத்த முழு உடல் மாதிரி இருந்தால், அருங்காட்சியகத்தில் சேர்த்து அதன் எண்ணை வாங்கி வரிசையோடு இணையுங்கள். பெயர் வைக்காமல் விட்ட கூட்டத்துக்கும் இதே வேலையைச் செய்யுங்கள். வான் தீவின் கரை அரித்து ஏற்கெனவே பெருமளவு சுருங்கிவிட்டது, தேரியின் ஓரங்களில் வேலி ஏறிக்கொண்டே வருகிறது. நீங்கள் எடுத்த இடத்திலேயே இன்னொருவர் மறுபடி எடுக்கும் வாய்ப்பு கிடைக்காமல் போகலாம்.